புகார் இல்லாத நோயாளிகள்

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கேள்விதான். யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசியது. எய்ட்ஸ் என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் உச்சரிக்கவே கூசிய ஒரு சமூகத்தை வாய் திறக்க வைத்த பெருமை அந்த விளம்பரத்துக்கு உண்டு. அது கேட்காமல் விட்ட கேள்வியும் ஒன்று உண்டு. புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா?

இந்தக் கேள்விக்கு விடை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது. புனே நகரின் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு 1993 முதல் 1996 வரை வந்த பெண்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பாலியல் தொழிலில் இல்லாத 391 பெண்களில் 13.6 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அந்த 391 பேரில் மிகப் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. நோய்க்கான ஆபத்துக் காரணி எது என்று அந்தப் பெண்களைப் பற்றிக் கேட்டால், திருமணம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

பால்வினைத் தொற்று என்று வந்துவிட்டால் நம் மருத்துவமும் பொதுப்பேச்சும் இரண்டே கேள்விகளைச் சுற்றி வருகின்றன. "என்ன தொந்தரவு?" என்பது ஒன்று. "எங்கேயாவது போனீங்களா?" என்பது மற்றொன்று. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் "இல்லை" என்றுதான் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் பொய் ஏதும் இருக்காது. அதனால்தான் அவர்கள் கணக்கில் வராமலேயே போகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய பால்வினைத் தொற்றுகள் ஏற்படுகின்றன. 2020இல் மட்டும் 37.4 கோடி. டிரைக்கோமோனாஸ் 15.6 கோடி, கிளமிடியா 12.9 கோடி, வெட்டை என்று நாம் சொல்லும் கொனோரியா 8.2 கோடி, சிபிலிஸ் 71 லட்சம். நான்குமே மாத்திரையாலோ ஊசியாலோ குணமாகக் கூடியவை. நான்கிலும் பெரும்பகுதி, தொற்றியவருக்கே தெரியாமல் இருப்பவை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பத்தில் ஏழு பேருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் எந்த அறிகுறியும் இருக்காது என்கின்றன மருத்துவ நூல்கள். கொனோரியா ஆண்களைப் பெரும்பாலும் எரிச்சலோடும் சீழோடும் மருத்துவரிடம் துரத்திவிடும். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது சத்தமின்றித் தங்கிவிடும்.

இதற்குக் காரணம் உடலமைப்பு. கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணிடம் முதலில் குடியேறும் இடம் கருப்பை வாய். அது உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அங்கே வலி உணர்வும் குறைவு. ஆணுக்குச் சிறுநீர்த்தாரை எரிவதுபோல அங்கே எதுவும் எரிவதில்லை. கிருமி மெல்ல மேலேறிக் கருக்குழாய்களை அடைந்து, அங்கே தழும்பு விழுந்து குழாய் அடைபட்ட பிறகும்கூட அந்தப் பெண் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை என்று மாமியார் பேச்செடுக்கும்போதுதான் மருத்துவமனை வாசலை மிதிப்பார். சிகிச்சை பெறாத கிளமிடியா, நூற்றில் 10 முதல் 15 பெண்களுக்கு இடுப்புக்குழி அழற்சியாக முற்றுகிறது. அதன் பின்விளைவுகள் கருக்குழாய் அடைப்பு, கருக்குழாயிலேயே கரு தங்கிவிடும் அபாயம், தீராத அடிவயிற்று வலி.

அறிகுறியை நம்பி மட்டும் பெண்களின் நோயை அளக்க முடியாது என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியர் 1989இலேயே நாட்டுக்குக் காட்டினார்கள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களை, நோய் இருக்கிறது, இல்லை என்று பிரிக்காமல் பரிசோதித்தார்கள். 92 சதவீதத்தினருக்குப் பிறப்புறுப்பு சார்ந்த ஏதோ ஒரு நோய் இருந்தது. ஆனால் அந்தப் பெண்களில் 45 சதவீதத்தினர் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் அதற்கு முன் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். லான்செட் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை, கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றால் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டுமே என்று இருந்த நினைப்பை உலுக்கியது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் கிராமப்புறத்தில் 16 முதல் 22 வயது வரையுள்ள மணமான 451 பெண்களை ஆராய்ந்தார்கள். ஆய்வகச் சோதனையில் 15 சதவீதத்தினருக்குப் பால்வினைத் தொற்று இருந்தது. கல்யாணமாகிச் சில ஆண்டுகளே ஆன, இருபதைத் தொட்டும் தொடாத பெண்கள் இவர்கள். தொந்தரவு இருப்பதாகச் சொன்னவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போயிருக்கவில்லை. ஏன் போகவில்லை என்று அவர்கள் சொன்ன காரணங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. மறைவாகப் பேச இடமில்லை. தூரம். செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதானே" என்ற எண்ணம். சோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர் பக்கத்துத் தெரு அண்ணனாக இருக்கும் ஊரில், போகாமல் இருப்பதைப் பேதைமை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அறிகுறி வந்தாலும் அதற்கு நம்மிடம் வேறொரு விளக்கம் தயாராக இருக்கிறது. நீர்க்கடுப்பா? உடம்பு சூடு. வெள்ளைப்படுகிறதா? அதுவும் சூடுதான். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று ஒரு வாரம் போகும். சிபிலிஸ் நோய்க்கு இந்தத் தாமதம் மிக வசதியானது. அதன் முதல் புண் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் முகாமிடும் பரம்பரை வைத்தியர்களின் செல்வாக்குக்கு இது ஒரு முக்கியமான காரணம். லேகியம் சாப்பிட்டார், புண் ஆறியது, வைத்தியர் கெட்டிக்காரர். ஆனால் கிருமி ரத்தத்தில்தான் இருக்கிறது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வந்து, அதுவும் மறையும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் மௌனம். அந்த மௌனக் காலத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கக் கூடியது ரத்தப் பரிசோதனை ஒன்றுதான். அந்த நிலையில் ஒரு பெண் கருவுற்றால் நோய் சிசுவுக்கும் போகலாம். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம்.

சரி, யாருக்கு ஆபத்து அதிகம்? பலரோடு உறவு, ஆணுறை இல்லாத உறவு, மது போதையில் நிதானம் தவறுவது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத காரணிகளைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும்.

வயது அவற்றில் ஒன்று. இளம்பெண்களின் கருப்பை வாயில், கிளமிடியா எளிதில் பற்றிக்கொள்ளும் மென்மையான உட்படலம் வெளிப்புறமாகப் பரவியிருக்கும். வயது ஏற ஏற அது உள்வாங்கும். இருபது வயதுக்குள் கல்யாணம் முடிக்கப்படும் பெண், இந்த உடற்கூறு காரணமாகவே கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்று பரவுவது, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதைவிட எளிது என்பதும் இதோடு சேர்கிறது.

இன்னொன்று, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தோடு, முப்பது வயதுக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. கருத்தடையைப் பொறுத்தவரை அது சாதனைதான். ஆனால் அந்த நாளோடு ஆணுறைக்கு வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச நியாயமும் போய்விடுகிறது. "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, இப்ப எதுக்கு?" என்று கணவர் கேட்டால் மனைவி என்ன பதில் சொல்வார்? ஆணுறையைக் கேட்பதே கணவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். லாரி ஓட்டுநராகவோ, திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போனவராகவோ கணவர் இருந்து, மாதக்கணக்கில் கழித்து வீடு திரும்பும்போதும் இதே நிலைதான். தொழில்மீதோ ஊர்மீதோ பழி சுமத்த இதைச் சொல்லவில்லை. குடும்பத்தைப் பிரிந்து நீண்ட நாள் வாழ வைக்கும் வேலைகள், அங்கே வாழ்பவரையும் இங்கே காத்திருப்பவரையும் சேர்த்தே ஆபத்தில் வைக்கின்றன.

ஒருமுறை தொற்று வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். இந்தத் தொற்றுகளுக்கு எதிராக உடல் நிலையான எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்வதில்லை. ஒரு தொற்று இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் பல மடங்கு கூடும்.

ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் அரசின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு வழி செய்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கும் ஓர் ஓட்டை. தொண்டையில் தங்கும் கொனோரியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. ஆசனவாயில் தங்கும் கிளமிடியாவும் அப்படித்தான். சிறுநீரைச் சோதித்தால் இவை தெரியாது. எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று முடிவு செய்ய, நோயாளியின் உறவு முறையை முகம் சுளிக்காமல் கேட்கும் மருத்துவர் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் இந்த உரையாடலைச் சொல்லிக்கொடுப்பது இன்னும் பெயரளவில்தான் இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கதையே, புகாருக்காகக் காத்திருக்காததன் பலனைச் சொல்லும். 1980களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி. பற்றி ஓர் ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தார். எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா, சென்னையில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். 1986இல் ஆறு மாதிரிகளில் தொற்று உறுதியானது. நோய் என்று சொல்லி அந்தப் பெண்கள் யாரும் மருத்துவரிடம் வந்திருக்கவில்லை. தேடிப் போனதால் கிடைத்த உண்மை அது. சட்டப்பேரவையில் சுகாதார அமைச்சர் ஹண்டே அதை அறிவித்தபோது நாடே அதிர்ந்தது.

அதன்பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. தொற்று உள்ளதாகத் தெரிந்த பாலியல் தொழிலாளர்கள், தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்தை விட்டு வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில் 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை. பரிசோதனை என்றால் அடைபடுவோம் என்ற பயம் அன்று விதைக்கப்பட்டது. "அது அந்தப் பெண்களின் நோய்" என்ற எண்ணமும் அன்றே வேர்விட்டது. சம்மதம் பெறாமல் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் தடைசெய்யும் எச்.ஐ.வி. சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது.

யாருடைய ஒழுக்கத்தையும் விசாரிக்காமல் எல்லோரையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பழைய சான்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர், தாயின் கொனோரியாவால் பிறந்த குழந்தைகளின் கண் பறிபோவதைக் கண்டார். அவருடைய மருத்துவமனையில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு அந்தக் கண்நோய் வந்துகொண்டிருந்தது. எந்தத் தாய்க்கு நோய் என்று தேடிக்கொண்டிருக்காமல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளின் கண்ணிலும் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட ஆரம்பித்தார். 1881இல் தன் முறையை வெளியிட்டார். நோய் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எந்தத் தாயும் தலைகுனிய நேரவில்லை.

இன்று தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் சோதிப்பது இதே வழிதான். எல்லோருக்கும் எடுக்கிறார்கள், ஆகவே யாருக்கும் கூச்சமில்லை. சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்க்க எடுக்கும் அதே ரத்தம். சிபிலிஸ் என்று தெரிந்தால் பென்சிலின் ஊசி தாயையும் சேயையும் காக்கிறது. 1940களில் வந்த அந்த மருந்துக்குச் சிபிலிஸ் கிருமி இன்றுவரை பணிந்துதான் போகிறது. கொனோரியா அப்படியில்லை. ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்துக்கொண்டே வருகிறது. சிப்ரோபிளாக்சசின் அதனிடம் எப்போதோ வலுவிழந்துவிட்டது.

ஆனால் கர்ப்பிணியின் அந்த ரத்த மாதிரியில் கிளமிடியாவோ கொனோரியாவோ தெரியாது. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய் சிகிச்சை மையங்களில் நடைமுறையில் இருப்பது அறிகுறி வழிச் சிகிச்சை. வண்ண வண்ணப் பொட்டலங்களில் மருந்து. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, சிறுநீர்த்தாரையிலோ கருப்பை வாயிலோ கசிவு என்றால் சாம்பல், அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று மொத்தம் ஏழு. ஆய்வகமே இல்லாத ஊரில் முதல் நாளே சிகிச்சை தொடங்க இது உதவியது. ஆண்களின் சீழுக்கும் புண்ணுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. பெண்கள் விஷயத்தில்தான் இது தடுமாறுகிறது. வெள்ளைப்படுதலில் பெரும்பகுதி பால்வினைத் தொற்றால் வருவதே இல்லை. தொற்றே இல்லாத பெண் பால்வினை நோய்ப் பட்டியலில் சேர்ந்து, தேவையற்ற சந்தேகத்தை வீட்டுக்குச் சுமந்து போகிறார். தொற்று இருந்தும் தொந்தரவில்லாத பெண்ணுக்கு எந்த நிறப் பொட்டலமும் கிடைப்பதில்லை.

கிளமிடியாவையும் கொனோரியாவையும் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு சோதனைக்குத் தனியார் ஆய்வகங்களில் கட்டணம் ஆயிரங்களில். அரசிடம் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. காசநோய்க்காக மாவட்டம்தோறும் வைக்கப்பட்டிருக்கும் சிபிநாட் கருவியிலேயே, அதற்குரிய வேறு குப்பியைப் பொருத்தினால் இந்த இரண்டு கிருமிகளையும் ஒன்றரை மணி நேரத்தில் சோதிக்கலாம். மாதிரியை அந்தப் பெண்ணே திரைக்குப் பின்னால் பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரலாம். மருத்துவர் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆணுக்குச் சிறுநீர் போதும். 25 வயதுக்கு உட்பட்ட, பாலுறவில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் இந்தச் சோதனையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது. அத்தனை பேருக்கும் இங்கே உடனே முடியாதுதான். 25 வயதுக்கு உட்பட்ட கர்ப்பிணிகளிடமும், குழந்தையின்மைக்காக அரசு மருத்துவமனைக்கு முதன்முதலாக வரும் தம்பதியரிடமும் தொடங்குவதற்கு என்ன தடை? தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கருக்குழாய் அடைப்புக்குக் காசநோய் உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு என்றாலும், சில மாத்திரைகளில் தீர்ந்திருக்கக்கூடிய தொற்றுக்காக லட்சங்களைக் கொட்டும் குடும்பங்களும் அந்த வாசல்களில் காத்திருக்கின்றன.

கணவரை அழைத்து வருவதுதான் இதில் கடினமான படி. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரமே அவருக்கு மறுபடியும் தொற்றலாம். ஆகவே சிகிச்சை முடிந்து ஏழு நாள் உறவைத் தவிர்க்கச் சொல்வதும், மூன்று மாதத்தில் மீண்டும் சோதிப்பதும் மருத்துவ நெறி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், கணவருக்கான மாத்திரையையும் மனைவி கையிலேயே கொடுத்தனுப்பச் சட்டம் இடம் தருகிறது. இங்கே அதற்கு முன்பே செய்யக் கூடியது ஒன்று உண்டு. கர்ப்பிணியின் முதல் பரிசோதனையன்றே கணவருக்கும் ரத்தப் பரிசோதனையை வழக்கமாக்கிவிடலாம். மனைவியின் முடிவு வருவதற்கு முன்பே, எல்லாக் கணவர்களுக்கும். அப்படிச் செய்தால் "நீ எங்கிருந்து வாங்கினாய்?" என்ற பழி, முதலில் சோதிக்கப்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக மனைவிமீது விழாது. நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், அரசு மருத்துவமனையில் சிபிலிஸ் சோதனையும் இலவசம், 1097 என்ற எண்ணை அழைத்தால் எந்த மையம் அருகில் இருக்கிறது என்று சொல்வார்கள். புதிதாகத் தேவைப்படுவது, கர்ப்பிணியின் அட்டையில் கணவரின் பரிசோதனைக்கும் ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அனுப்பக் கூடாது என்று செவிலியருக்கு ஓர் உத்தரவு.